சலிப்பும் மனமும்

“பொழுது போகவில்லை” என்பது இன்று சிறுவர் முதல் முதியோர் வரை எல்லோர் வாயிலும் கேட்கும் சொல். தொலைக்காட்சி, கைத்தொலைபேசி என்று பொழுதுபோக்குச் சாதனங்கள் பெருகியும் இக்குறை தீரவில்லை. இதன் காரணம் என்ன?

சலிப்பு என்பது வேலையின்மை அன்று. வேலை நிறைந்தவருக்கும் அது வரும். கனடா ரொறன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் ஈஸ்ட்வூட்டும் அவரோடு ஆய்ந்தோரும் 2012இல் இதற்கு விளக்கம் தந்தனர். மனம் ஏதேனும் ஒன்றில் ஈடுபட விரும்புகிறது. ஆனால் ஈடுபட முடியாமல் தவிக்கிறது. அத்தவிப்பே சலிப்பு. பசியிருந்தும் உணவு இறங்காத நிலை போன்றது அது.

அத்தவிப்பிலிருந்து தப்ப மனிதர் எதையும் செய்வர். அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமொதி வில்சன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிலரைத் தனியறையில் 15 நிமிடம் தம் எண்ணங்களோடு மட்டும் இருக்க விட்டனர். பொத்தானை அழுத்தினால் சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும். அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கப் பணமும் கொடுப்போம் என்று முன்னர் கூறியவர்களிலேயே, ஆண்கள் 18 பேரில் 12 பேரும் பெண்கள் 24 பேரில் 6 பேரும் தாமாகவே அதை அழுத்தினர். சும்மா இருப்பதிலும் வலி மேலென்று அவர்களுக்குத் தோன்றியது போலும்! சும்மா இருத்தலை அரிய நிலையெனத் தாயுமான சுவாமிகள் போன்ற பெரியோர் கருதியதன் பொருள் இங்கு விளங்கும்.

கொழும்பில் வாழும் நாமும் இச்சோதனையைக் கண்டவர்களே. 2020 மார்ச் 20ஆந் திகதி தொடங்கிய ஊரடங்கு இங்கு மே மாதக் கடைசி வரை நீடித்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் அடைபட்டிருந்த நாட்களில் பொழுதைக் கழிப்பதே பெரும்பாடாயிற்று.

ஊரடங்கு நீங்கிற்று. ஆயினும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்க, தொடர்மாடியில் தனித்திருக்கும் முதியோர் பலருக்கு அந்நிலை நீங்கவில்லை. பிள்ளைகள் அன்போடு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுக்கின்றனர். ஆனால் அம்மாவுக்கு இல்லாதது காட்சி அன்று, “என்னால் யாருக்கு என்ன பயன்?” என்ற கேள்விக்கு விடை.

கோயிலில் மாலை கட்டுபவரைப் பாருங்கள். ஒரே முடிச்சை நூறு தடவை போடுகிறார், அலுப்பதில்லை. இது யாருக்கென்பதை அவர் அறிவார். நூறு அலைவரிசைகளை மாற்றிப் பார்ப்பவருக்கோ அரை மணியில் அலுத்துவிடுகிறது.

ஆகவே, சலிப்பு வந்தவுடன் தொலைபேசியைத் தேடாது சற்றுப் பொறுத்திருப்போம். யாருக்கு என்ன செய்யலாம் என்று எண்ணுவோம். வீட்டு முதியவரிடம் “பொழுது போகுதா?” என்று கேட்பதோடு நில்லாது, “எனக்கு இதைச் சொல்லித் தாருங்கோ” என்று அருகில் அமர்வோம். பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்தோ, பிட்டு அவிக்கும் பக்குவமோ, எதுவாயினும் சரி. இருவர் சலிப்பும் ஒன்றாய்த் தீரும்.