பாதை யாருடையது?

2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள். இத்தாலியின் டூரின் நகரை மையமாகக் கொண்டு குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றுக்கொண்டிருந்தது. பிரகெலாட்டோ என்னும் மலையூரில் மகளிர் இருவர் அணிக்கான நெடும்பாதைப் பனிச்சறுக்குப் போட்டி. கனடா நாட்டின் சாரா ரென்னர் முன்னணியில் விரைந்துகொண்டிருந்தார். ஏற்றம் ஒன்றில் அவருடைய கைக்கோல் திடீரென முறிந்தது. இருபுறமும் கோலூன்றி உந்திச் செல்லும் விளையாட்டில் ஒரு கோலை இழப்பது, படகோட்டி ஒரு துடுப்பை இழப்பதற்கு ஒப்பானது. கண்முன்னே ஒருவர் பின் ஒருவராகப் பலர் அவரைக் கடந்து சென்றனர்.

அப்போது பாதையோரத்தில் நின்றிருந்த ஒருவர் தம்மிடம் இருந்த கோல் ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் கனடா நாட்டவர் அல்லர். அதே போட்டியில் பதக்கத்துக்காகப் போராடிக்கொண்டிருந்த நார்வே அணியின் பயிற்சியாளர் பியோர்னார் ஹோகென்ஸ்மூன். அந்தக் கோல் ரென்னரின் உயரத்துக்குச் சற்று நீளமானது. ஆயினும் அதைக்கொண்டு அவர் மீண்டும் முன்னேறினார். அவரும் அவருடைய இணையான பெக்கி ஸ்காட்டும் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். நார்வே அணிக்குக் கிடைத்தது நான்காம் இடம்.

கனடா மக்கள் நெகிழ்ந்து, ஏறத்தாழ 5 டன் மேப்பிள் பாகை நன்றிக் காணிக்கையாக நார்வேக்கு அளித்தனர். உலகம் அந்தப் பயிற்சியாளரைப் பாராட்டியது. ஆனால் பாராட்டு ஓய்ந்தபின் எழும் கேள்வி எளிதானதன்று. அவர் தம் கடமையைச் செய்தாரா, அல்லது அதிலிருந்து வழுவினாரா? அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது நார்வே அணியின் வெற்றி. அந்தக் கோலை நீட்டாமல் இருந்திருந்தால் அவருடைய வீராங்கனைகளுக்கு ஒரு பதக்கம் கிட்டியிருக்கக்கூடும். அவர்களின் பல்லாண்டு உழைப்பின் பயனை, அவர்களைக் கேளாமலே பிறருக்கு ஈந்துவிட அவருக்கு உரிமை உண்டா?

பனிப்பாதையின் ஒழுங்கு

இக்கேள்விக்கு விடை காண, அந்த விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். நெடும்பாதைப் பனிச்சறுக்கு, மலைச்சரிவில் கீழ்நோக்கி மட்டும் சறுக்கும் விளையாட்டு அன்று. ஏற்றம், இறக்கம், சமவெளி ஆகிய அனைத்தையும் தன் உடல்வலிமையால் கடக்கும் நெடும்பயணம் அது. சறுக்குப் பலகைகள் மிகக் குறுகியவை. காலணியின் முன்பகுதி மட்டுமே பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும், குதிகால் விடுபட்டிருக்கும். ஏறுவதற்கு இது உதவும். ஆனால் இறக்கத்தில் திரும்புவதும் நிற்பதும் கடினம். கையில் உள்ள கோல்களின் முனைகளோ கூர்மையானவை.

இத்தகைய கருவிகளோடு பல்லாயிரம் பேர் ஒரே பாதையில் செல்வதை எண்ணிப் பார்க்கலாம். சுவீடனில் 1922-ஆம் ஆண்டு தொடங்கிய வாசாலோப்பெட் போட்டியின் தொலைவு 90 கிலோமீட்டர். 15,000-க்கும் மேற்பட்டோர் ஒரே காலையில் புறப்படுகின்றனர். முதல் ஏற்றத்திலேயே நெரிசல் உண்டாகிறது. கோல்கள் மிதிபட்டு முறிகின்றன. அங்கே ஒருவரின் பாதுகாப்பு அவர் கையில் மட்டும் இல்லை. முன்னால் செல்பவர், பின்னால் வருபவர், பக்கத்தில் இருப்பவர் ஆகிய எல்லோருடைய கைகளிலும் அது பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கிறது.

எனவேதான் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு இவ்விளையாட்டுக்கு நடத்தை விதிகளை வகுத்துள்ளது. பிறருக்கு ஆபத்து விளைவிக்காத வகையில் செல்ல வேண்டும். தன் திறனுக்கும் நிலத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப வேகத்தை அடக்க வேண்டும். அருகில் ஒருவர் இருந்தால் கோல்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நிற்க விரும்பினால் பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் இயன்ற அளவு விரைவாகப் பாதையை விட்டு நகர வேண்டும். விபத்து நேர்ந்தால் உதவ வேண்டும்.

இவ்விதிகளுள் பாதுகாப்பு எது, பண்பு எது என்று பிரித்துக் காட்ட இயலுமா? கோலை ஒடுக்கிப் பிடிப்பது பிறர் கண்ணைக் காக்கிறது. அதுவே மரியாதையும் ஆகிறது. விழுந்தவர் தம் வலியோடும் விலகி நகர்வது, பின்னால் வருபவரைக் காக்கிறது. அதுவே பிறர் நலம் கருதுவதும் ஆகிறது. பிறருடைய உடலையும் தன்னுடையதாக மதிப்பவரிடம் இவ்விரண்டும் ஒன்றாகவே அமைகின்றன.

வழிவிடுதல்

முந்துவதைப் பற்றிய விதி சிந்தனைக்குரியது. ஒவ்வொருவராகப் புறப்படும் போட்டிகளில், பின்னால் வருபவர் குரல் கொடுத்தவுடனே முன்னால் இருப்பவர் வழிவிட வேண்டும். பொதுவான பாதைகளுக்குரிய நடத்தை விதியோ வேறு விதமாக அமைந்துள்ளது. முன்னால் செல்பவர் வழிவிடக் கடமைப்பட்டவர் அல்லர். ஆயினும் தம்மால் இயலும் என்று கருதும்போது, விரைந்து வருபவரைச் செல்லவிட வேண்டும். முந்துபவரோ போதிய இடைவெளி விட்டே கடக்க வேண்டும்.

கட்டாயம் முடியும் இடத்தில் மனிதனின் விவேகம் தொடங்குகிறது. இறக்கத்தின் நடுவில் திடீரென விலகினால் இருவருக்கும் ஆபத்து. சற்றுப் பொறுத்துச் சமநிலத்தில் விலகினால் இருவருக்கும் நலம். அதை முன்னால் செல்பவரே அறிவார். எனவே முடிவு அவரிடம் விடப்படுகிறது. பின்னால் வருபவருக்கோ முன்னால் உள்ள அனைத்தும் தெரிகிறது. தம் பின்னே யார் வருகிறார் என்று முன்னவருக்குத் தெரியாது. ஆகையால் பார்வை யாரிடம் உள்ளதோ, வேகம் யாரிடம் உள்ளதோ, பெரும் பொறுப்பும் அவரிடமே சேர்கிறது. வலிமை கூடக்கூடக் கடமையும் கூடுகிறது என்னும் உண்மையைப் பனிப்பாதை இவ்வாறு கற்பிக்கிறது.

வழிவிடுபவர் எதை இழக்கிறார்? சில நொடிகளை. வழிவிடாதவர் எதைக் காக்கிறார்? பின்னவரின் வேகத்தை மறைத்து வைத்திருக்கும் ஒரு பொய்த் தோற்றத்தை. பாதை இருவருக்கும் சொந்தமன்று. அது நேற்று யாரோ பனியில் வரைந்து வைத்தது; இன்று பலரும் கடப்பது.

தோளில் ஒரு குழந்தையின் பாரம்

நார்வேயில் 1932 முதல் நடந்துவரும் பிர்க்கெபெய்னர் போட்டியில் ஓர் அரிய மரபு உண்டு. ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரையிலான 54 கிலோமீட்டரையும் போட்டியாளர்கள் 3.5 கிலோ எடையுள்ள பையை முதுகில் சுமந்தே கடந்து வந்துள்ளனர். 1206-ஆம் ஆண்டு, உள்நாட்டுப் போர்க்காலத்தில், பின்னாளில் அரசராகிய ஹோக்கோன் ஹோக்கோன்சன் என்னும் சிறு குழந்தையை இரு வீரர்கள் பனிமலை கடந்து காப்பாற்றிச் சென்றனர். அக்குழந்தையின் நினைவே அந்தப் பாரம். மலையில் குளிர் கடுமையானால் உடுத்த வேண்டிய ஆடைகளும் அந்தப் பையிலேயே இருக்கும்.

குழந்தையைச் சுமந்து செல்பவர் எவரும் அடுத்தவரை இடித்துத் தள்ளமாட்டார். முந்த வேண்டும் என்னும் வேட்கையும், காக்க வேண்டும் என்னும் கருணையும் ஒரே தோளில் அமர முடியும் என்பதை அம்மரபு நினைவூட்டுகிறது.

வாளாவிருப்பதும் ஒரு செயலே

இப்போது முதற்கேள்விக்குத் திரும்பலாம். கோல் முறிவதும் போட்டியின் ஒரு பகுதிதானே, விதி செய்ததை மனிதன் ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் வாதிடலாம். அந்தப் பயிற்சியாளர் அசையாமல் நின்றிருந்தால் எந்த விதியும் அவரைக் குற்றம் கூறியிராது. இது உண்மையே.

ஆனால் உதவும் கருவி கையில் இருக்கும்போது வாளாவிருப்பதும் ஒரு செயலே. அவர் தம் வீராங்கனைகள் ஈட்டிய எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு கோல் முறிந்ததால் வரும் பதக்கம் அவர்களின் உழைப்பால் வந்தது ஆகாது. எதிராளியை வெல்வது வேறு. முறிந்த கோலை வெல்வது வேறு. அவர் தம் அணியினரை மெதுவாகச் செல்லுமாறு பணிக்கவும் இல்லை. அவர்கள் முழு ஆற்றலோடு போட்டியிட்டனர். போட்டி நேர்மையானதாக இருக்கட்டும் என்பதை மட்டுமே அவர் உறுதிசெய்தார். அணியின் வெற்றியைப் போலவே அணியின் மதிப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. எனவே அவர் கடமையிலிருந்து வழுவவில்லை. கடமையின் முழு அளவையும் கண்டார்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஆராய்ந்து முடிவெடுக்க அங்கே நேரம் இல்லை. அத்தகைய நொடியில் கை நீள்கிறது என்றால், அந்தக் கை பல ஆண்டுகளாகப் பழக்கப்பட்டிருக்க வேண்டும். நற்குணம் நெருக்கடியில் பிறப்பதில்லை, அங்கே வெளிப்படுகிறது. களைத்துப்போன எழுபதாவது கிலோமீட்டரில் கோலை ஒடுக்கிப் பிடிப்பவர், முதல் கிலோமீட்டரிலிருந்தே அவ்வாறு பிடித்தவர்தாம்.

நற்செயல் விதையைப் போன்றது. 2014-இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில், அந்நாட்டு வீரர் ஆன்டன் கஃபரோவ் விழுந்து சறுக்குப் பலகை உடைந்து, இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தார். ஒருவர் பாதைக்குள் விரைந்து, மண்டியிட்டு, புதிய பலகையைப் பொருத்திவிட்டார். கஃபரோவ் எழுந்து எல்லைக்கோட்டை அடைந்தார். உதவியவர் கனடா அணியின் பயிற்சியாளர் ஜஸ்டின் வாட்ஸ்வொர்த். 2006-இல் ரென்னரோடு வெள்ளி வென்ற பெக்கி ஸ்காட்டை மணந்தவர். பெற்ற இடத்துக்கே நன்றியைத் திருப்பித் தராமல், தேவைப்பட்ட இடத்துக்கு அது சென்றது.

2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில், நம் நாட்டின் ஜெகதீஷ் சிங்கும் பங்கேற்ற 15 கிலோமீட்டர் போட்டியில் சுவிட்சர்லாந்தின் டாரியோ கொலோக்னா தங்கம் வென்றார். கடைசியாக வந்தவர் மெக்சிகோவின் ஹெர்மன் மத்ராசோ. அவர் வரும்வரை காத்திருந்து கை குலுக்கினார் கொலோக்னா. முதல்வனும் கடைசியானவனும் கடந்தது ஒரே பாதையைத்தான் அன்றோ!

பனியையே காணாதவர்க்கும் இப்பாதை அந்நியமானதன்று. அலுவலகத்தில், சாலையில், ஆலய வரிசையில், குடும்பத்தில் ஒவ்வொரு நாளும் நாம் சிலரை முந்துகிறோம். சிலர் நம்மை முந்துகின்றனர். முந்தும்போது பிறர் காலை மிதிக்காமலும், முந்தப்படும்போது மனம் கசக்காமலும், விழுந்தவரைக் காணும்போது கை நீட்டியும் செல்லக் கற்றவருக்கு, எந்த இடத்தில் முடித்தாலும் பயணம் வீணாவதில்லை.