குலுக்கலுக்கு முந்திய நாட்கள்

பரிசுச் சீட்டு வாங்குவது தகுமா என்று எவரேனும் என்னைக் கேட்டால், கணக்குத் தெரிந்தவன் சொல்லக்கூடிய விடையும், என் சித்தப்பாவை அறிந்தவன் சொல்லக்கூடிய விடையும் ஒரே சமயத்தில் நாவின் நுனிக்கு வந்து, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதை உணர்கிறேன். தென்காசியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதி ஜீவனம் செய்த அவர், 1968-இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்க முன்வந்த நாள் தொட்டு, ஒரு குலுக்கலுக்கு ஒரு சீட்டுக்கு மேல் வாங்கியதுமில்லை. வாங்காமல் ஒரு குலுக்கலை விட்டதுமில்லை. சீட்டின் விலை 1 ரூபாய். முதற்பரிசு 1 லட்சம். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கொரு வாசகமும் வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டுதான் அதே ஆட்சி ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியிருந்தது. அவ்வாறு ஒரே ரூபாய் அரிசிக்கும் ஆகும், லட்சாதிபதி ஆகும் மனோரதத்துக்கும் ஆகும் என்றிருந்த காலத்தில் சித்தப்பா இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார் என்றால், அந்த அரிசி எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை என்பதையும் அவர் பொருட்டு நான் சொல்லியாக வேண்டும்.

வாங்கிய சீட்டைப் பஞ்சாங்கத்தின் நடுவே வைத்துவிட்டு, இரவு உணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்து, கடைக் கணக்கு எழுதிய அதே சிரத்தையோடு அவர் அந்த ஒரு லட்சத்தைப் பங்கிடத் தொடங்குவார். சிற்றாற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நன்செய், முற்றம் வைத்த ஒரு வீடு, தங்கை மகள் கல்யாணம், ஒரு ஜோடி உழவு மாடு என்று வரிசையாக எழுதி, எதிரே தொகையிட்டு, அடியில் கூட்டிப் பார்ப்பார். ஒரு தடவை கூட்டல் ஒரு லட்சத்து மூவாயிரத்தில் வந்து நின்றுவிட்டது. மேற்கொண்டு வேண்டிய அந்த மூவாயிரத்தை யாரிடம் கைமாற்றாக வாங்குவது என்று அன்றிரவு அவர் மெய்யாகவே கவலைப்பட்டதை, பன்னிரண்டு வயதுப் பையனாகப் பக்கத்தில் படுத்திருந்து நான் கண்டிருக்கிறேன். சித்தியோ, “மாட்டுக்கு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு எனக்கு ஒரு ரெட்டை வடம் எழுதத் தெரியலையாக்கும்” என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. இல்லாத பணத்தின் பேரில் நடந்த அந்தப் பிணக்கு, இருந்த பணத்தின் பேரில் எங்கள் குடும்பத்தில் பிற்காலத்தில் நடந்த பிணக்குகளைக் காட்டிலும் எவ்வளவோ கௌரவமானதாக இருந்தது.

குலுக்கல் முடிவு வெளியான பத்திரிகை வந்தாலும் அவர் உடனே பிரிக்கமாட்டார். நான் கையை நீட்டினால், “இருக்கட்டும்ல, என்ன அவசரம்? ராத்திரி பாத்துக்கிடலாம்” என்பார், ராத்திரி மறுநாளாகும், மறுநாள் அதற்கு மறுநாளாகும். பிரிக்காத பத்திரிகையில் தம் சீட்டு எண் அச்சாகியிருக்கவும் கூடும் என்ற நிலையை, நம்மில் பலர் வெற்றிலையைக் கடைசிவரை வாயில் அடக்கி வைத்திருப்பது போல, அவர் ருசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று.

கணக்கு என்ன சொல்கிறது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. 1967-இலேயே இதற்கெனத் தனி இலாகா அமைத்து நமக்கு முன்னோடியாக நின்ற கேரளத்தில், 2025 வரை 40 ரூபாய்க்கு விற்ற வாரச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். 1,00,000 முதல் 9,99,999 வரை எண்கள் ஒன்பது லட்சம்; அத்தனைக்கும் பன்னிரண்டு எழுத்து வரிசைகள்; ஆக 1 கோடியே 8 லட்சம் சீட்டுகள். முதற்பரிசான 70 லட்சத்தை அவற்றின் மீது பரப்பினால் சீட்டுக்கு 65 காசுதான் தேறும். சிறு பரிசுகள் உண்டு என்றாலும், அவை பெரும்பாலும் மறு சீட்டு வாங்கவே உதவுகின்றன. நாளொன்றுக்கு ஒரு சீட்டு வாங்குகிறவன், சராசரிக் கணக்கில், முதற்பரிசுக்கு 29,000 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். லாபத்தை நாடி வாங்குவது அறிவீனம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. விழாவிட்டால் நாட்டுக்குப் போகிற அந்தப் பணத்தை ஒருவகை வரி என்று கொண்டாலும், அந்த வரியைச் செலுத்த வரிசையில் நிற்பவர்களுள் மாளிகைவாசிகள் எவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் சித்தப்பா வாங்கியது லாபத்தை அன்று. வாங்கிய நாளுக்கும் குலுக்கல் நாளுக்கும் இடையிலிருந்த பொழுதை அவர் வாங்கினார். அந்தப் பொழுதுக்கு ஒரு ரூபாய் அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை நான் உணர்ந்தது, அந்தப் பொழுதைப் பறித்துக்கொண்ட ஒரு காலம் பின்னர் வந்தபோதுதான். ஒரு நம்பர் லாட்டரி என்ற பெயரில், கடைசி இலக்கம் ஒன்றையே நம்பிச் சீட்டு வாங்கி, சிறிது நேரத்துக்கெல்லாம் முடிவு தெரிந்து, தோற்ற கையோடு அடுத்ததை வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களைச் சூழ்ந்திருந்த நாட்களில், மூட்டை தூக்கிப் பெற்ற கூலியை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து எடுத்து நீட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டேன். அவர் முகத்தில் நன்செயும் இல்லை, முற்றம் வைத்த வீடும் இல்லை. எழுதிக் கூட்டிப் பார்க்க அவருக்கு அவகாசமே தரப்படவில்லை. 1998-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசைத் தடுத்ததோடு, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்றும் விதித்தது. அந்த விதியை எழுதியவருக்குக் கனவின் விஷயம் சிறிதாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிழமைக்கொரு பெயரில் ஏழு லாட்டரிகள் நடத்தினால் விதியும் மீறப்படாது, நாள்தோறும் குலுக்கவும் செய்யலாம் என்பதைக் கேரளத்தார் கண்டுகொண்டார்கள் என்பது வேறு விஷயம். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு எல்லாச் சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தபோது, சித்தப்பாவின் பொருட்டு வருத்தமும் அந்த மூட்டைக்காரரின் பொருட்டு நிம்மதியும் கொண்டேன். நிம்மதியே பெரிதாக இருந்தது.

அதற்கு வெகுகாலம் பின்பு, வயது அறுபத்தைந்தைக் கடந்த நிலையில், கேரளத்துப் புனலூரில் ஒரு கல்யாணத்துக்காக மலை ஏறிச் சென்றபோது, ஆரியங்காவில் பேருந்து நின்ற இடைவேளையில், ஊன்றுகோலோடு ஜன்னலருகே வந்த ஒருவரிடம் என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சீட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் அது அட்சயா. குலுக்கல் அன்று பிற்பகல் மூன்று மணிக்கே. சித்தப்பாவுக்கு வாரக்கணக்கில் கிடைத்தது எனக்கு ஐந்து மணி நேரம். பந்தியில் இலை முன் அமர்ந்து, பிரதமன் வருமுன் எழுபது லட்சத்தையும் பங்கிட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்து முனைந்தேன். நிலம் வேண்டியிருக்கவில்லை, வீடு இருக்கிறது, பிள்ளைகள் என் கையை எதிர்பார்க்கும் பருவத்தைத் தாண்டிவிட்டார்கள். நெடுநேரம் யோசித்ததில் ஒரேயொரு இனம்தான் அகப்பட்டது: சித்திக்கு ஒரு இரட்டை வடம். சித்தி போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

மாலையில் திரும்பும்போது ஆரியங்காவில் பேருந்து மறுபடியும் நின்றது. காலையில் சீட்டு விற்றவரின் கடை முகப்பில் அன்றைய முடிவுத் தாள் தொங்கியது. நாலைந்து பேர் விரலால் எண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பாக்கலையா சாமி?” என்று அடுத்த இருக்கைக்காரர், என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சீட்டைக் கண்டு கேட்டார். பரிசைக் கோர முப்பது நாள் தவணை உண்டு. ராத்திரி பார்த்துக்கிடலாம் என்றேன். பேருந்து புறப்பட்டு, கோட்டைவாசலைத் தாண்டி, எஸ் வளைவில் இறங்கத் தொடங்கியது.