பழைய பொறிகளுக்கு யார் பொறுப்பு?

தேய்ந்த கொழுவைக் கொல்லனிடம் கொண்டு சென்றால் அவன் அதனை அடித்துக் கூராக்கித் தருகிறான். பாட்டனார் காலத்துத் தையற்பொறி, எண்ணெயிட்டு மிதித்தால் இன்றும் தைக்கிறது. உடையும் வரை உழைப்பதே கருவியின் இயல்பு. கணிப்பொறி மட்டும் இவ்வியல்புக்கு விலக்காக நிற்கிறது. ஒரு திருகாணியும் கழலாத பொறி, அதனைக் கண்ணாலும் கண்டிராத சிலர் எங்கோ இருந்து எடுக்கும் முடிவினால் மெல்ல மெல்லப் பயனிழந்து போகிறது. அவ்வாறு முடிவெடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா? பழைய பொறிகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொண்டே இருங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா? இவ்விரு வினாக்களையும் ஒருசேர ஆராய்ந்தாலன்றி நேர்மையான விடை கிட்டாது.

முதற்கண் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் அதற்கே உரிய கட்டளைத் தொகுதி ஒன்று உண்டு. எண்களை எப்படி அடுக்குவது, நினைவகத்தை எப்படி அணுகுவது, எந்தெந்தக் கட்டளைகளை ஏற்பது என்னும் விதிகளின் தொகுப்பையே பொறியின் கட்டமைப்பு என்கிறோம். ஒரு கட்டமைப்புக்கென ஆக்கப்பட்ட நிரல் மற்றொன்றில் நேராக ஓடாது. ஆகவே, பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருளை எழுதுவோர், தாம் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனியே பகுதிகளை எழுதவும், சோதிக்கவும், பழுது பார்க்கவும் வேண்டும். அப்பணி நின்றால் பொறி அன்றே நின்றுவிடுவதில்லை. பழைய மென்பொருளோடு ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆயினும், புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இரார். பிற பொறிகளோடு இணைப்பது நாளுக்கு நாள் ஆபத்தாகும்.

லினக்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெல் நிறுவனத்தின் 386 என்னும் செயலி பொருத்திய தம் கணிப்பொறியில்தான் லினக்ஸை எழுதத் தொடங்கினார். அச்செயலி 1985-இல் வெளிவந்தது. 2012 டிசம்பரில் அதற்குரிய பகுதிகளை லினக்ஸிலிருந்து நீக்கினார்கள். 2013 பிப்ரவரியில் வெளியான 3.8-ஆம் பதிப்பு 386-இல் ஓடாது. தன்னைத் தாலாட்டிய தொட்டிலையே பிள்ளை உதைத்துத் தள்ளிவிட்டது என்று நமக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் காரணத்தையும் கேட்க வேண்டும். ஒரே நினைவிடத்தைப் பல வேலைகள் ஒரே சமயத்தில் மாற்ற முயலும்போது குழப்பம் நேராமல் காப்பதற்கென, ஒப்பிட்டு மாற்றும் கட்டளை ஒன்று உண்டு. அது 486 செயலியில்தான் வந்தது. அக்கட்டளை இல்லாத 386-க்காக மாற்று வழிகளை எழுதி, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அவற்றைக் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு யாரோ சிலருடைய வாழ்நாளிலிருந்தே சென்றது.

கைவிடலாம் என்பாரின் வாதம் இங்கிருந்தே பிறக்கிறது. எவரும் ஓட்டிப் பாராத பகுதி, இருந்தும் இல்லாததற்குச் சமம். அது பழுதுபட்டாலும் தெரிய வாராது. சிலருக்காகப் பலருடைய மென்பொருளைச் சிக்கலாக்குவது முறையன்று என்கிறார்கள். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், பழமைதான் பொறியின் குற்றம் என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது பிழையாகும். இன்டெல்லின் ஐட்டேனியம் 2001-இல் வந்தது; 386-ஐவிட எவ்வளவோ இளையது. 2021-இல் அதன் விற்பனை நின்றது. பொறுப்பேற்றுப் பராமரிப்பார் இல்லாமற்போகவே, 2024 ஜனவரியில் வெளியான லினக்ஸ் 6.7-ஆம் பதிப்பில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. அதே 2024-இல் வெளியான நெட்பிஎஸ்டி 10-ஆம் பதிப்போ, 1977-இல் பிறந்த வாக்ஸ் பொறிகளுக்கும் இடமளித்தது. முதியது வாழ்ந்தது; இளையது மாண்டது. தூக்கிச் சுமக்க ஆள் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

பணம் இருக்குமிடத்தில் இவ்வேறுபாடு இன்னும் விளங்கும். ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7-ஆம் நாள் சிஸ்டம் 360 என்னும் பொறிக்குடும்பத்தை அறிவித்தது. அக்குடும்பத்துக்கென எழுதிய நிரல்கள் பின்வந்த பொறிகளிலும் ஓட வேண்டும் என்பதைக் கொள்கையாகவே கொண்டு, அவ்வழித்தோன்றல்களை இன்றளவும் அந்நிறுவனம் விற்று வருகிறது. வங்கிகளும் அரசுகளும் அதற்கு விலை கொடுக்கின்றன. ஆகவே, நெடுங்காலம் தாங்குவது இயலாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டா. விலை கொடுக்க வல்லவனுடைய பழைய பொறி வாழ்கிறது. வல்லமையற்றவனுடையது குப்பைக்குப் போகிறது என்பதே உண்மை.

அக்குப்பையும் சிறிதன்று. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணக்கிட்டது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. பழைய பொறி மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கும் என்பதும் உண்மைதான். எனினும், வேறொன்று வாங்க இயலாதவனிடம் அக்கணக்கைச் சொல்லி என்ன பயன்? மேலும், பல கட்டமைப்புகளில் ஓட்டிப் பார்ப்பதால் பொதுவான நிரலுக்கும் ஒரு நன்மை உண்டு. ஒரு வகைப் பொறியில் வெளித்தெரியாமல் ஒளிந்திருக்கும் பிழை, எண்களை வேறு வரிசையில் அடுக்கும் மற்றொரு பொறியில் உடனே வெளிப்பட்டுவிடும்.

இவ்விரு நியாயங்களும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி ஒன்றை அண்மையில் கண்டோம். டெபியன் என்பது தன்னார்வலர்கள் தொகுத்து வழங்கும் இயக்க மென்பொருள். அதில் நிரல்களை நிறுவித் தரும் ஏபிடி என்னும் கருவியின் பராமரிப்பாளர் ஒருவர், 2025 அக்டோபர் இறுதியில் அறிவிப்பு ஒன்றை விடுத்தார். 2026 மே மாதத்துக்கு முன்னதாக அன்றி, அதன் பின்னர், அக்கருவிக்கு ரஸ்ட் என்னும் மொழி கட்டாயமாகும் என்பதே அது. நினைவகத்தைக் கையாள்வதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை நிரல் ஆக்கும்போதே தடுக்க வல்லது அம்மொழி. ஆனால் 1992-இல் வந்த ஆல்பா, 1986-இல் வந்த பி.ஏ.-ரிஸ்க் போன்ற பழைய கட்டமைப்புகளுக்கு ரஸ்ட் கம்பைலர் இல்லை. ஆறு மாதத்துக்குள் அதனை உண்டாக்குங்கள், அன்றேல் உங்கள் பதிப்பை முடித்துக்கொள்ளுங்கள் என்பது அத்தகைய பொறிகளைப் பேணி வந்தோருக்கு வந்த செய்தி. பலருடைய பாதுகாப்பு ஒரு தட்டில். சிலருடைய பல்லாண்டு உழைப்பு மறு தட்டில். எத்தட்டு தாழும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பலருடைய பாதுகாப்பைச் சிலருக்காக ஒத்திவைக்க இயலாது. ஆனால் ஆறு மாதம் போதுமா என்று கேட்க அச்சிலருக்கு உரிமை உண்டு. ஒரு கட்டமைப்புக்குக் கம்பைலர் ஆக்குவது ஓய்வு நேரத்தில் உழைக்கும் இரண்டொருவருக்கு ஆறு மாத வேலையன்று.

நாம் எண்ணித் துணிவது இதுதான். ஆதரவை நிறுத்துவது குற்றமன்று. கதவை அடைப்பதுதான் குற்றம். தன்னார்வலர் தருவது கொடை. நேற்றுத் தந்தார் என்பதற்காக இன்றும் தருக என்று கழுத்தில் துணி போட்டு இறுக்க முடியாது. வேண்டுவோர் தாமும் தோள் கொடுக்க வேண்டும். ஆனால் கொடையை நிறுத்துவோருக்கும் கடமை உண்டு. போதிய காலம் முன்னரே உண்மையைச் சொல்ல வேண்டும். மூல நிரலையும் குறிப்புகளையும் அழியாமல் விட்டுச் செல்ல வேண்டும். தொடர விரும்புவாரைத் தடுக்கலாகாது. மோட்டோரோலா 68000 குடும்பத்துக்கான டெபியன் பதிப்பு 1998 முதல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. 2007-இல் வெளியான 4.0-ஆம் பதிப்பில் இடமிழந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஆர்வலர்கள் அதனைத் தனியே பேணி வந்தார்கள். மூல நிரல் திறந்திருந்ததால் அன்றோ அது இயன்றது?

பொறியைக் காசுக்கு விற்றவரின் நிலை வேறு. அவர் தந்தது கொடையன்று. விலையைப் பெற்றுக்கொண்டு, அதன் உள்மறைகளைப் பூட்டியும் வைத்துக்கொண்டு, ஆதரவையும் நிறுத்துபவர், வாங்கியவனுடைய பொருளை அவன் கையிலிருக்கும்போதே பறிப்பவராகிறார். அவ்விரகசியம் அவரிடம் உள்ள அமானிதம். தமக்கு வேண்டாதபோது அதனை உரியவரிடம் ஒப்படைத்தாக வேண்டும்.

1977-இல் விண்ணில் ஏவிய வாயேஜர் 1 கலம், 2023 நவம்பரில் பொருள் விளங்காத செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அதன் கணிப்பொறியில் நினைவகச் சில்லு ஒன்று பழுதுபட்டிருந்தது. பொறியாளர்கள் பல்லாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களைப் புரட்டி, அச்சில்லில் இருந்த நிரற்பகுதிகளைப் பிரித்து வேறிடங்களில் அமைத்தார்கள். சுமார் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து 2024 ஏப்ரலில் கலம் மீண்டும் தெளிவாகப் பேசியது. அவ்வாவணங்களை எழுதி வைத்தவர்கள் இந்தப் பழுதை முன்னறிந்தவர்களல்லர். தமக்குப் பின் வருவார் எவருக்கேனும் வேண்டியிருக்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பழைய பொறிகளுக்காக நாம் எவரிடமும் கேட்கக்கூடியதும் அவ்வளவே.