பிசின் விடும் நேரம்

ஜாம் போத்தலை ஊறவைத்துத் தாளை உரித்த பிறகும் பிசுபிசுப்பு நிற்கிறது. சவர்க்காரமும் தும்பும் போட்டுத் தேய்த்தாலும் அது போவதில்லை. உருண்டு போய் இன்னோரிடத்தில் ஒட்டுகிறது, தூசியைப் பிடித்துக் கறுக்கிறது. தண்ணீருக்கு அசையாத பசை. தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் பூசி, போத்தலை வெயில் விழுகிற குந்தில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டும். ஆறுதலாக வந்து சீலைத்துண்டால் வழித்தால் முழுவதும் கழன்று வருகிறது. சவர்க்காரம் அதற்குப் பிறகுதான், எண்ணெயைக் கழுவ.

பலாப்பழம் வெட்டுகிற வீட்டில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கத்திக்கும் கைக்கும் எண்ணெய் பூசாமல் பழத்தைத் தொடமாட்டார்கள். பலாப்பாலைப் போலவே றப்பர்ப்பாலும் மரத்தின் பால்தான். பிரேசில் விதையில் முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. 1930இல் ரிச்சர்ட் ட்ரூ என்ற அமெரிக்கர் கொண்டுவந்த செலோ டேப்பின் பசையிலும் றப்பரும் பிசினும் எண்ணெயும்தான் சேர்ந்திருந்தன. இனம் இனத்தோடு சேரும். எண்ணெய் பசைக்குள் இறங்கி, அதை ஊதவைத்து, கண்ணாடியில் இருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அதற்கு நேரம் வேண்டும். கை எவ்வளவு அழுத்தினாலும் அந்த நேரம் குறையாது.

முன்பெல்லாம் கொப்பிக்கு உறை போட நாலு பருக்கைச் சோறும் விளாம்பிசினும் போதுமாக இருந்தன. அவை தண்ணீர் பட்டதும் விட்டுக்கொடுத்துவிடும்.

மண்ணெண்ணெய் இன்னும் விரைவாக வேலை செய்யும், அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாவிட்டால் சரி. ஆனால் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு அதைத் துணியில் ஊற்றித் துடைக்க இன்றைக்கும் மனம் வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் திரி எரித்துப் படித்த காலம் அது. வெறும் போத்தலை எறியாமல் கழுவி அடுக்குகிற பழக்கம் எங்களிடம் அங்கிருந்தும் வந்திருக்கும்.

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு விருப்பு இலக்கத்தோடு ஒட்டிய ஸ்டிக்கர்களில் முகம் வெளுத்துவிட்டது, பசை மட்டும் இறுகிவிட்டது. கடைக் கண்ணாடியில் பிளேட் பிடிக்கலாம், ஆனால் முதலில் சவர்க்காரத் தண்ணீரில் நன்றாக நனைய வேண்டும். பிளேட்டைச் சரித்து, ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும். ஏ9 வீதியின் மணல் காய்ந்த கண்ணாடியில் பிளேட்டுக்கு அடியில் சிக்கினால் கீறல் நிரந்தரம். பிளாஸ்டிக்கில் தின்னரோ நகப்பூச்சு அழிக்கிற திரவமோ படக்கூடாது. பசையோடு பல வகைப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் கரைந்து மங்கிவிடும். வார்னிஷ் அடித்த அலுமாரிக்கும் அப்படித்தான். முகம் பார்க்கிற கண்ணாடியின் விளிம்பால் திரவம் பின்னால் இறங்கினால் ரசம் உரியும்.

கழற்றக் கூடாத ஒட்டலும் இருக்கிறது.

கனகராயன்குளத்திலிருந்து 2008இல் போரால் வெளிக்கிட்ட குடும்பங்கள் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போய், கடைசியில் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தன. பெட்டியும் அலுமாரியும் வழியில் நின்றுவிட்டன. பொலித்தீன் பைக்குள் ஒன்றிரண்டு படங்கள் மிஞ்சின. பெரியம்மா வீட்டுச் சட்டத்தில் இருப்பது அப்படியான ஒன்று. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு அண்ணா. மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. சாய்த்துப் பார்த்தால் தெரியும்: ஒட்டிய கன்னமும் காதும் நனைந்ததுபோல் கறுத்து மினுங்குகின்றன, ஒட்டாத இடம் சற்று வெளிறி நிற்கிறது. உரிக்கலாமா, எண்ணெய் விடலாமா என்று பெரியம்மா கேட்டார்.

வேண்டாம் பெரியம்மா. படத்தின் மேல்படை ஜெலற்றின், எலும்பிலும் தோலிலும் எடுப்பது. தச்சர் மரம் ஒட்டுகிற வச்சிரத்தின் இனம். ஈரத்தில் இளகியது, காய்ந்தபோது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இங்கே படமே பசை. இழுத்தால் கன்னம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் தாள்தான் வரும். கிழிந்த படத்தில் குறுக்கே ஒட்டிய பழைய டேப்பையும் அப்படியே விட வேண்டும். எண்ணெய் கடதாசிக்குள் இறங்கினால் அந்தக் கறை போகாது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்தில் அம்மாமார் பிடித்திருந்த படங்களையும் நினைத்துக்கொள்கிறேன். வெயிலும் மழையும் படுகிற இடத்துக்கு லமினேட் செய்ததுதான் தாங்கும். ஆனால் சூட்டில் உருகி ஒட்டுகிற அந்தப் பசையைப் பிறகு கழற்ற வழியில்லை. லமினேட் செய்வது பிரதியாக இருக்கட்டும்.

பெரியம்மாவின் படத்துக்கும் பிரதிதான் எடுக்கப்போகிறோம். கண்ணாடியை வெளிப்பக்கம் மட்டும் காய்ந்த துணியால் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், மினுக்கம் விழாத கோணத்தில் அதன் வழியாகவே படம் பிடிக்கலாம். ஸ்டூடியோவில் யாராவது கழற்றித் தருகிறேன் என்றால் சம்மதிக்கக் கூடாது. அண்ணா கண்ணாடியோடேயே இருக்கட்டும்.