புகையா, பனியா?

ஆக்லாந்தின் ஹவ்ராக்கி வளைகுடாவில் 2012இல் ஒரு வேவு வேலை அம்பலமானது. அமெரிக்கக் கோப்பைப் படகுப் பந்தயத்துக்காக இத்தாலியின் லூனா ரோசா அணி அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்தது. அதன் படகை எதிரணியான ஆரக்கிளின் ஆட்கள் 200 மீட்டருக்குள் நெருங்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நடுவர் குழு ஆரக்கிளின் பயிற்சி நாள்களில் ஐந்தைப் பறித்தது. கடலில் இறங்கும் நாள்களே எண்ணி அளந்து தரப்பட்ட பந்தயத்தில் அது பெரிய அடி.

அப்படி என்னதான் பார்க்க வேண்டியிருந்தது? அந்தக் குளிர்காலத்தின் முடிவில் நியூசிலாந்து அணியின் 72 அடிப் படகு அதே வளைகுடாவில் இரண்டு அடிக்கட்டைகளும் நீரைவிட்டு எழும்பப் பறந்திருந்தது. நீருக்குள் இருக்கும் இறக்கை என்ன வளைவு, என்ன கோணம் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டிய சேதி.

மோட்டார் பந்தயக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிப்போனது. ஆக்லாந்தில் பிறந்த புரூஸ் மெக்லாரன் 1963இல் தொடங்கிய அணி இன்றும் ஃபார்முலா ஒன்றில் இருக்கிறது. பருவத்துக்கு முந்தைய சோதனைகளில் கார்மேல் பளிச்சென்ற சாயத்தைப் பூசி ஓடவிடுவார்கள். திரும்பி வரும்போது காற்று போன வழி கோடுகோடாகக் காய்ந்திருக்கும். எதிரணிப் புகைப்படக்காரர் காத்திருப்பது அதற்குத்தான். 2022இல் பஹ்ரைன் சோதனைக்கு மெர்சிடீஸ், பக்கப்பெட்டிகளே இல்லையோ என்று தோன்றும் காரோடு வந்தது. பார்த்தவர்கள் வாய்பிளந்தார்கள். அந்த ஆண்டின் 22 பந்தயங்களில் அது வென்றது ஒன்றே ஒன்று.

கண்டதைக் கொண்டு காணாததை அறிவது எப்படி என்பது நம் அளவை நூலாரின் பழைய வழக்கு. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்கும். மலையில் புகை, ஆகவே நெருப்பு என்பது கருதல். அது எங்கெங்கே வழுக்கும் என்று மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஒரு பட்டியலே போடுகிறார். எழுவது ஆவியா, பனியா, புகையா என்று தெளியாமலே நெருப்பு உண்டென்று முடிவுகட்டுவது அதில் ஒரு பிழை.

நியாய தரிசனத்தாரான நையாயிகர்கள் இன்னும் ஒரு படி போவார்கள். நெருப்பு இருந்தால் புகை இருக்க வேண்டும் என்பதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பில் புகை ஏது? விறகு ஈரமாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். சோதனைக் களத்தின் உபாதி எரிபொருள் தொட்டிக்குள் இருக்கிறது. 10 கிலோ கூடினால் சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போகும்; யார் எத்தனை கிலோவோடு ஓடினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

படகுகளிலும் இதே கதைதான். 2020 டிசம்பரில் ஆக்லாந்தில் நடந்த அமெரிக்கக் கோப்பையின் முன்னோட்டப் பந்தயங்களில் பிரிட்டனின் இனியோஸ் அணி ஒன்றில்கூட வெல்லவில்லை. இவர்கள் தேறமாட்டார்கள் என்று கருத அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்த மாதமே, சவால் விடும் அணியைத் தேர்ந்தெடுக்கும் பிராடா கோப்பையின் சுற்றுப் போட்டிகளில் தோல்வியே காணாமல் இறுதிக்குப் போனார்கள். அங்கே லூனா ரோசாவிடம் 7-1 என்று தோற்றார்கள். டிசம்பரில் பார்த்ததும் பொய்யில்லை, ஜனவரியில் பார்த்ததும் பொய்யில்லை. எல்லாம் கணந்தோறும் மாறுவது என்ற பௌத்தருக்கு இதில் வியப்பு இருந்திருக்காது. நேற்றைய படகு இன்றைக்கு இல்லை; இரவோடிரவாகக் கொட்டகைக்குள் அது வேறொன்றாகிவிடுகிறது.

மலை நெருப்புக்குத் தன்னை ஒருவன் பார்க்கிறான் என்று தெரியாது. படகோட்டிக்குத் தெரியும், கார் ஓட்டுபவருக்கும் தெரியும். வேண்டுமென்றே அடக்கி வாசிப்பார்கள். பார்ப்பவனுக்காகவே ஈர விறகைச் செருகுவார்கள். ஏமாற்றத் தெரிந்த புகையைப் பழைய அளவை நூல்கள் எந்தப் பிழையில் சேர்க்குமோ!

2024 பார்சிலோனா கோப்பைக்கு முன் அணிகள் ஒரு சமரசத்துக்கு வந்தன. ஆளாளுக்கு வேவு பார்க்காமல், பொதுச் செலவில் கண்காணிப்பாளர்களை வைத்து, படங்களை எல்லோருக்கும் தந்துவிடுவது. அணிகளின் ஆட்கள் பேட்டியும் தர வேண்டும். காட்சி பொதுவாயிற்று, கருதல் அவரவர் பாடு. உரைதான் இடறுகிறது. உரை அளவையாக வேண்டுமானால், சொல்பவர் உண்மையை அறிந்தவராகவும் மறைக்காதவராகவும் இருக்க வேண்டும். ஆக்லாந்துத் துறையில் அன்றைய பயிற்சி முடிந்து, இறக்கையைத் துணியால் மூடிவிட்டு ஒலிவாங்கி முன் வந்து நிற்பவர் முதலாவதில் தேறிவிடுவார்.