அரங்கின் அடியில் உள்ள மண்

ஆலயம் எழுப்பப் புகும் ஸ்தபதி, முதற்கல்லை நிலத்தில் இறக்குவதற்கு முன்னே, அதுகாறும் அங்கே வசித்துவந்த கண்ணுக்குப் புலப்படாத பூதங்களையும், வெட்டப்படவிருக்கும் மரங்களை அண்டியிருக்கும் ஜீவன்களையும் நோக்கி, பலியிட்டு வணங்கி, வேறிடம் ஏகுமாறு வேண்டிக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும் என்று நமது சிற்ப சாஸ்திரங்கள் விதிக்கின்றன. தேவனுக்கு வீடு அமைக்கிறோம் என்னும் உயர்ந்த நோக்கமே ஆயினும், முன்பு இருந்தவரிடம் கேளாது அவரை அகற்றும் உரிமையை அது தந்துவிடுவதில்லை என்பதுதான் இவ்விதியின் உட்கிடை என்று நான் கருதுகிறேன். உருவமில்லாத பூதத்துக்கே இவ்வளவு மரியாதை உரியதென்றால், பால்வாளி சுமந்து, குலை வெட்டி, அந்த மண்ணிலேயே பிள்ளை பெற்று வளர்த்த மனிதனுக்கு எவ்வளவு உரியது?

இக்கேள்வியை மனத்தில் கொண்டு நமது சிலாங்கூரிலும் தலைநகரிலும் எழுந்த பெரும் காற்பந்து அரங்கங்களை நோக்கலாம். ரப்பரும் செம்பனையும் செழித்த சுங்கை ரெங்கம் தோட்டப்பகுதியில் உருவான ஷா ஆலம் நகரில், 1994-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரங்கம் ஏறத்தாழ 80,000 பேரைக் கொள்ளக்கூடியதாக இருந்தது. 1997-இல் உலக இளைஞர் காற்பந்துப் போட்டி மலேசியாவில் நடந்தபோது, அர்ஜென்டினா உருகுவேயை 2-1 என வென்ற இறுதியாட்டத்தை அங்கேதான் உலகம் கண்டது. தலைநகரின் தேசிய அரங்கமோ, 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுந்து, 2007-இல் ஆசியக் கிண்ணப் போட்டிக்கும் இடந்தந்தது. யுத்தத்தால் சிதைந்துகொண்டிருந்த ஈராக், தென்கொரியாவை அரையிறுதியில் வென்றது அந்தப் புல்தரையில்தான். அவ்வரங்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் புக்கிட் ஜாலில் என்பது நம்மவர் வாழ்ந்த தோட்டம் ஒன்றின் பெயர்.

இவ்வரங்கங்களில் எழும் ஆனந்தத்தை அற்பமென்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பல்லாயிரவர் தத்தம் குலத்தையும் கவலையையும் ஒரு நாழிகை மறந்து, ஒரே மூச்சாய் எழுந்து ஆர்ப்பரிக்கும் அந்தக் கணத்தில் அகங்காரம் கரைவது மெய்யே. தேரோட்டத்தில் வடம் பிடித்தவர் அதை அறிவர். தோட்டத்துத் திடலில் வெறுங்காலுடன் பந்தாடி வளர்ந்த நம்மவருக்கு இதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆனந்தம் அதன் அடியிலுள்ள கடனைத் தீர்த்துவிடுமா என்பதே கேள்வி. புக்கிட் ஜாலில் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு மாறி, அரங்கமும் பிற கட்டடங்களும் ஒவ்வொன்றாய் அதனை நிரப்பிய பின்னர், எஞ்சியிருந்த 41 குடும்பங்கள் தாங்கள் உழைத்த மண்ணில் வீடு கட்டிக்கொள்ள 4 ஏக்கர் வேண்டி, 2011-ஆம் ஆண்டிலும் போராடிக்கொண்டிருந்தன.

இந்தக் கடனைத் தட்டிக்கழிக்க நம் சமயத்தாரிடமே இரண்டு சமாதானங்கள் வழங்குகின்றன. பலனை எதிர்பாராது கருமம் செய்வதே யோகம் என்பது ஒன்று. கண்ணன் பார்த்தனுக்கு உரைத்தது, செய்பவன் தன் உள்ளத்தே தானாக மேற்கொள்ள வேண்டிய விரதம். பிறனொருவன் அவனுடைய பலனைக் கவர்ந்துகொண்டு, பின்னர் அவனுக்கு உபதேசிப்பதற்கு ஏற்பட்ட வசனமன்று அது. பலன் பறிபோனால் அதை இழப்பென்று ஒப்புக்கொள்ள நம் நாடும் அறியும். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று, வாயிற்காவலர் ஆர். ஆறுமுகமும் அவருடைய தோழர்களும் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருந்தும், சோவியத் படையெடுப்பைக் கண்டித்து மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்தமையால் அவர்கள் அங்கே ஆடவில்லை. அவர்கள் இழந்ததை இழப்பென்றே நாடு ஏற்றுக்கொண்டது; பின்னாளில் அவ்வெற்றியைத் தழுவித் திரைப்படமும் எடுத்தது. தோட்டத்தாரின் இழப்புக்கு இந்த அங்கீகாரமேனும் கிட்டியதா?

மற்றது, யாவும் அநித்தியம் என்பது. அது உண்மைதான், ஷா ஆலம் அரங்கமே முப்பதாண்டில் மூப்படைந்து, சிறியதோர் அரங்கத்துக்கு இடம் விடுவதற்காக 2024-இல் இடிபடத் தொடங்கியது. எனினும், ஜீரணமான கோயிலைப் புதுப்பிக்கும்போது மூர்த்தியைத் தெருவில் நிறுத்துவதில்லை. முதலில் பாலாலயம் அமைத்து, அங்கே கலையை எழுந்தருளச் செய்து, நித்திய பூஜை ஒருநாளும் தவறாதபடி பார்த்துக்கொண்ட பின்னரே பழைய கருவறையில் உளி படுகிறது. அநித்தியத்தை நன்கறிந்தவர்கள் வகுத்த முறை இது. வைராக்கியத்தைப் பிறர்மேல் சுமத்துகிறவன் ஞானியல்லன். ஞானத்தைத் தன் சௌகரியத்துக்குப் பயன்படுத்துகிறவன். மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் கடன்பட்டவன் என்று கூறிய வேதமரபு, சதபத பிராமணத்தில் சக மனிதர்க்குப் பட்ட கடனையும் அவற்றோடு சேர்த்தே எண்ணியிருக்கிறது.

சுங்கை பெசாரிலும், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களிலும், லயத்து வீடுகளில் வயோதிகரும், செம்பனை நிழலில் முனியாண்டியும் மாரியம்மனும் இன்னும் இருக்கிறார்கள். நாளை இங்கும் நகரம் வரலாம், அரங்கமும் வரலாம். வரட்டும், நம் பிள்ளைகள் அதில் ஆடட்டும். ஆனால் அளவுக்கல் நடுவதற்கு முன்னர், இருப்பவர்க்கு வீடும் அவர்களுடைய தெய்வத்துக்குச் சட்டப்படியான நிலமும் எழுத்தில் உறுதியாக வேண்டும். அதுவரை எந்தப் பூமி பூஜைக்கும் சங்கல்பம் செய்து வைப்பதில்லை என்று நமது ஆலய நிர்வாகத்தாரும் அர்ச்சகர்களும் ஒருமித்துத் தீர்மானிக்க வேண்டுமென அவர்களை வேண்டிக்கொள்கிறேன்.