கொடையாளரின் பணம், ஊராரின் பூங்கா

தனியார் கொடையில் நகரத்துக்குப் புதுப் பூங்கா அமையும்போது, பணம் எப்படிச் சேர்ந்தது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. பூங்கா எங்கே அமையும், மரம் அதிகமா மேடை அதிகமா, கதவு எப்போது பூட்டப்படும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் யார்? கொடுத்தவரே என்றால், அவர் செய்தது கொடையா, அல்லது பொதுநிலத்தில் தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டதா?

தானத்தைப் பற்றிய பழைய சிந்தனை இதற்கு ஓரளவு விடை வைத்திருக்கிறது. தர்மசாத்திர நூல்கள் வேள்வி சார்ந்த அறத்தை இஷ்டம் என்றும், கிணறு, குளம், கோயில், அன்னதானம், சோலை ஆகியவற்றைப் பூர்த்தம் என்றும் பிரித்தன. முன்னதற்கு வேத உரிமை தேவைப்பட்டது. பின்னது சூத்திரருக்கும் பெண்களுக்கும் திறந்திருந்தது. ஆனால் குளத்தையும் சோலையையும் பொதுவுக்கு விடுவதைச் சாதாரண தானமாக அந்நூல்கள் கருதவில்லை. தானத்தில் பெறுபவர் ஒருவர் உண்டு. பொருள் அவருக்கு உரியதாகும். எல்லா உயிர்களுக்குமாக விட்டுவிடும் உத்சர்க்கத்தில் அப்படி ஒருவர் இல்லை. அப்படியானால் குளம் வெட்டியவரே அதில் நீர் பருகலாமா? பருகலாம், அந்த எல்லா உயிர்களில் அவரும் ஒருவர் என்று விடை கண்டார்கள். உரிமையாளராக அல்ல, ஊராரில் ஒருவராக.

பௌத்த மரபின் ஜேதவனம் இன்னும் நெருங்கிய உதாரணம். சாவத்தி நகருக்கு அருகே இளவரசன் ஜேதனின் சோலையை, தரையில் பொற்காசு பரப்பி அனாதபிண்டிகர் என்ற வணிகர் வாங்கிய கதை வினய பிடகத்தில் வருகிறது. பர்குத் தூபியின் சிற்பத்திலும் காசு பரப்பும் காட்சி உண்டு. கதையில் காசுதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது; அதற்குப் பின் நடந்தது அதைவிட முக்கியம். அங்கே கட்டடங்களைத் திட்டமிட்டு எழுப்பியவர் அனாதபிண்டிகரே. ஆனால் அவர் கட்டியவை தங்கும் அறை, கிணறு, நடைபாதை, குளியலிடம் என்று துறவிகளின் அன்றாடத் தேவைகள். இடத்தை எப்படி ஒப்படைப்பது என்று அவர் கேட்டபோது, நாற்றிசையிலிருந்தும் வந்துள்ள, இனி வரவிருக்கிற சங்கத்துக்கு அளிக்கும்படி புத்தர் சொன்னார். கொடையாளர் திட்டம் போடுவது தவறில்லை என்பதே இதிலிருந்து பெறக்கூடிய முடிவு. அந்தத் திட்டம் யாருடைய தேவையைக் கேட்டு உருவானது, எவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி.

அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி வேறு பக்கம் நின்றார். 1889ல் செல்வத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் பூங்காவைச் சிறந்த கொடைகளில் ஒன்றாக வைத்த அவர், ஏழைகளின் நலனுக்கான பணத்தை ஏழைகளைவிடச் செல்வந்தரே நன்றாக நிர்வகிப்பார் என்று வாதிட்டார். மூன்றே ஆண்டுகளில், அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் தொழிற்சங்கம் உடைக்கப்பட்டது. கூலி எவ்வளவு என்பதில் பேச்சுரிமை இல்லாதவர்களுக்குப் பூங்காவின் வடிவத்தில் மட்டும் எங்கிருந்து வரும்?

நியூயார்க்கின் லிட்டில் ஐலண்ட் இந்தச் சிக்கலின் அண்மைக்கால வடிவம். ஹட்சன் ஆற்றில், பூவிதழ் போல விரிந்த 132 கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கும் இந்தப் பூங்காவுக்குத் தொழிலதிபர் பேரி டில்லர், டயான் ஃபான் ஃபர்ஸ்டன்பர்க் குடும்ப அறக்கட்டளை சுமார் 26 கோடி டாலர் செலவிட்டது. 2014ல் திட்டம் வெளியானபோதே வடிவமைப்பாளரும் வடிவமும் முடிவாகியிருந்தன. ஊராருக்கு எஞ்சியது ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2017 செப்டம்பரில் டில்லர் விலகினார். அப்போதைய மாநில ஆளுநர் கூமோவின் தலையீட்டில் அடுத்த மாதமே திட்டம் உயிர்பெற்றது. சமரசத்தில், ஆற்றங்கரைப் பூங்காவின் முடியாத மற்றப் பகுதிகளையும் முடிப்பதாக மாநிலம் உறுதி தந்தது. வழக்குப் போடாமல் இந்த உறுதி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. 2021ல் திறந்த பூங்கா அழகானது, கூட்டமும் வருகிறது. அதனால் முடிவெடுத்த முறை சரியாகிவிடாது.

‘என் பணம், என் விருப்பம்’ என்ற வாதம் அமெரிக்காவில் இன்னொரு வகையிலும் பலவீனமானது. கொடைக்கு வரிச்சலுகை உண்டு. அரசுக்கு வந்திருக்க வேண்டிய வரியின் ஒரு பகுதியும் அந்தப் பணத்தில் கலந்திருக்கிறது. பெருங்கொடையைத் தனிமனிதர் செலுத்தும் பொது அதிகாரமாகவே பார்க்க வேண்டும் என்று அரசியல் தத்துவ அறிஞர் ராப் ரைஷ் 2018ல் வெளியான நூலில் வாதிடுகிறார்.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. கொடுத்துவிட்டு முற்றிலும் ஒதுங்கினால் பராமரிப்பு யார் பொறுப்பு? 1840ல் இங்கிலாந்தின் டார்பி நகருக்கு ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை முதலாளி மரப்பூங்கா ஒன்றைக் கொடுத்தார். பராமரிப்புக்குப் பணம் தேவைப்பட்டதால் தொழிலாளர்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் கட்டணமின்றி நுழைய முடிந்தது. அந்தக் கட்டணம் நீங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. லிட்டில் ஐலண்டிலோ 20 ஆண்டுகளுக்குப் பராமரிப்பையும் நிகழ்ச்சிகளையும் அறக்கட்டளையே ஏற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. ஊருக்கு இது நிம்மதி. ஆனால் செலவு செய்பவர் சொல்லுக்கு அத்தனை ஆண்டும் எடை இருக்கும். உத்சர்க்கத்தின் கணக்கில் அந்தக் கொடை இன்னும் கைவிட்டுப் போகவில்லை.